மழை உள்ளே வரக் கூடாது. காற்று நிற்கவும் கூடாது! - பெரம்பலூர் வெங்காயப் பட்டறை சொல்லும் பாடம்

ஐப்பசி மாதம் மதியம் மூன்று மணிக்கு மேல் பெரம்பலூர் பக்கம் வானத்தைப் பார்ப்பவர்கள் இரண்டு வகை. விதைத்த காட்டுக்கு மழை வேண்டுமே என்று பார்ப்பவர் ஒருவர். பட்டறையில் வெங்காயம் வைத்திருக்கிறோமே, மழை வந்துவிடுமோ என்று பார்ப்பவர் இன்னொருவர். பல வீடுகளில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

பச்சைமலைப் பக்கம் கறுத்துவிட்டால் போதும், வீட்டில் இருப்பவர்கள் பட்டறையை நோக்கி ஓடுவார்கள். சுருட்டிக் கட்டிய தார்ப்பாயை அவிழ்த்து இறக்க வேண்டும். இறக்கியாகிவிட்டது, மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை என்று நிம்மதியாகத் தூங்கி, காலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். மேலடுக்கு வெங்காயம் நனைந்திருக்கும்.

தார்ப்பாயில் ஓட்டை இல்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களின் பட்டறைதான் ஐப்பசியைத் தாண்டும்.

பட்டறை என்றால்...

'பட்டறை' என்றதும் நமக்குக் கொல்லர் பட்டறைதான் நினைவுக்கு வரும். குவியல், அடுக்கு என்றும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. வெங்காயப் பட்டறை அந்த வழியில் வந்தது.

திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பிரிந்த பெரம்பலூர், தமிழ்நாட்டின் சின்ன வெங்காய சாகுபடியில் முன்னணியில் இருக்கும் மாவட்டம். செட்டிகுளம், இரூர், பாடாலூர், நாட்டார்மங்கலம், எசனை, அம்மாபாளையம் என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே மண்டிக்காரர்களுக்கு வெங்காயம்தான் ஞாபகம் வரும். செட்டிகுளம் மலையில் கையில் கரும்போடு நிற்கும் முருகன் இருக்கிறார். மலையைச் சுற்றியுள்ள காடுகளில் விளைவது என்னவோ வெங்காயம்.

இந்த ஊர்களின் வயல்களில் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, நீளவாக்கில் ஒரு தொட்டில் மாதிரி நிற்கும் அமைப்பைப் பார்க்கலாம். அடியில் கற்களை அடுக்கி, அதன்மேல் கழிகளைப் பரப்பியிருப்பார்கள். இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நட்ட குச்சிகளோ, மூங்கில் தப்பைகளோ, கீற்றுத் தட்டியோ இருக்கும். மேலே கீற்று அல்லது தார்ப்பாய் போட்டிருப்பார்கள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கைவேலை மாறும். எல்லோரும் தவறாமல் செய்வது இரண்டு: அடியில் இடைவெளி விடுவார்கள், அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவார்கள்.

தெரியாதவர் பார்த்தால், காசு இல்லாமல் அரைகுறையாகக் கட்டியது என்றுதான் நினைப்பார். சுவர் முழுக்கச் சந்து. தரையும் பாவவில்லை. ஆனால், அந்தச் சந்துகள்தான் பட்டறையே.

விதை போனால் நடவு போச்சு

அங்கே பத்திரப்படுத்தப்படுவது சாம்பாருக்கான வெங்காயம் மட்டுமல்ல, அடுத்த நடவுக்கான விதையும்தான்.

பெரிய வெங்காயத்தை விதை தூவி நாற்றுவிட்டு வளர்ப்பார்கள். சின்ன வெங்காயத்தில் பெரும்பாலும் காயேதான் விதை. ஒரு காயை ஊன்றினால் அது கொத்தாகப் பிரிந்து பல காய்களாகும். விதை மூலம் வளரும் கோ-5 போன்ற ரகங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்திருக்கிறது என்றாலும், காய் ஊன்றும் வழக்கம்தான் இன்றும் பரவலாக இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி ஒரு ஹெக்டேருக்கு 1,500 கிலோ விதைக் காய் வேண்டும். ஏக்கர் கணக்கில் சுமார் 600 கிலோ. நடவு நேரத்தில் விதை வெங்காயம் கிலோ 60 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு விதைக்கு மட்டும் 36,000 ரூபாய். பட்டறையில் இருக்கும் காய் அழுகினால் அந்தப் பணத்தைக் கையிலிருந்து போட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பருவம் காடு சும்மா கிடக்கும்.

சித்திரை - வைகாசி ஒரு நடவு, ஐப்பசி - கார்த்திகை ஒரு நடவு என்று இரண்டு பருவங்கள். ஆடி, ஆவணி வாக்கில் எடுத்த காயை ஐப்பசி நடவு வரை காப்பாற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். தை, மாசியில் எடுத்ததை வைகாசி வரை வைக்க வேண்டும் என்றால் நடுவில் கோடை மழை வந்து நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மழையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

விலையும் ஒரு காரணம். 2019 இறுதியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு செப்டம்பர் 29-ல் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2020 செப்டம்பரில் மறுபடியும் ஒரு தடை. இப்படி ஏறி இறங்கும் சந்தையில், எடுத்த அன்றே விற்றாக வேண்டியவருக்கும், ரெண்டு மாதம் பொறுத்துப் பார்க்க முடிகிறவருக்கும் வித்தியாசம் பெரிது. பொறுத்துப் பார்க்கும் வசதியைக் கொடுப்பது பட்டறை.

வெங்காயம் மூச்சுவிடும்

இப்போது அந்தத் தண்ணீர்க் கேள்விக்கு வரலாம்.

செடியிலிருந்து பிடுங்கிய பிறகும் வெங்காயம் உயிரோடுதான் இருக்கிறது. சத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து மூச்சுவிடுகிறது. அப்போது வெளியே வருவது கரியமில வாயு, நீராவி, கொஞ்சம் சூடு. போதாததற்கு, சின்ன வெங்காயத்தின் எடையில் 80 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீர்தான். அதுவும் மேல்தோல் வழியாக மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டறையில் இரண்டு டன் வெங்காயம் இருக்கிறது. வைத்திருக்கும் காலத்தில் அதன் எடை நூறில் ஐந்து பங்கு குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிலோ போயிருக்கும். அதில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர். அதாவது 100 லிட்டர், சுமார் ஏழெட்டுக் குடம். ஒரு மழைத்துளி விழாமலேயே பட்டறைக்குள் இத்தனை குடம் தண்ணீர் புறப்படுகிறது. அது காற்றோடு கலந்து வெளியேறிவிட்டால் பிரச்னை இல்லை. போக வழியில்லாமல் சுற்றிலும் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினால்?

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலைச் சுற்றி வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டறையிலும் அதே கதைதான். ராத்திரியில் மழை பெய்து தார்ப்பாய் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் சூடான, ஈரமான காற்று அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராவி தண்ணீராகிச் சொட்டும். வெளியே நின்ற மழை உள்ளே தொடரும்.

ஈரம் பட்ட வெங்காயத்தைத் தேடிப் பூஞ்சை வந்துவிடும். தோலுக்கு அடியில் கரித்தூள் தூவியது போலத் தெரிவது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சை. வேர்ப் பக்கத்திலிருந்து அழுகல் ஏறுவது ஃபியூசேரியம் பூஞ்சையின் வேலை. அழுகும் காய் இன்னும் அதிகச் சூட்டையும் ஈரத்தையும் விடும். பக்கத்துக் காயும் போகும். அழுகாமல் தப்பியது வேர்விட்டு, முளைவிட்டு நிற்கும்.

வெங்காயத்தைச் சாதாரண வெப்பநிலையில் சேமிக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும், காற்றில் 65 முதல் 70 சதவிகித ஈரப்பதமும் ஏற்றவை என்பது ஆய்வு நிறுவனங்களின் கணக்கு. அடைமழை நாட்களில் வெளிக்காற்றே இதைவிட ஈரமாக இருக்கும். அப்போதும் காற்றை ஓடவிடுவதுதான் நல்லது. ஓடுகிற ஈரக் காற்றைவிட, நின்றுபோன ஈரக் காற்று வெங்காயத்துக்கு அதிகக் கெடுதல்.

அடியில் ஒரு வழி, மேலே ஒரு வழி

சூடான காற்று மேலே போகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பட்டறை அந்தப் பாடத்தை வைத்துத்தான் ஓடுகிறது. குவியலுக்குள் சூடாகும் காற்று மேல்நோக்கி நகர்ந்து கூரைக்கடியில் இருக்கும் இடைவெளி வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கல்லுக்கும் கழிக்கும் நடுவிலிருந்து புதுக் காற்று ஏறும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஆனால், இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும். மேலே திறந்து அடியை அடைத்தாலோ, அடியைத் திறந்து மேலே மூடினாலோ இந்த ஓட்டம் நின்றுவிடும்.

தொழிற்சாலைக் கூரைகளில் காற்றுக்குச் சுழலும் வெள்ளி நிறப் பந்துகளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த டர்போ வென்டிலேட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. சூடான காற்றை வெளியே விடுகிறது. வளைந்த தகடுகள் மழையைத் தடுத்துவிடுகின்றன.

குவியல் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதும் முக்கியம். சின்ன வெங்காயத்தை 100 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் குவிக்க வேண்டாம் என்கிறது தேசிய தோட்டக்கலை ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அறக்கட்டளையின் வழிகாட்டுதல். பெரிய வெங்காயத்துக்கு 120 சென்டிமீட்டர் வரை போகலாம். அதற்குமேல் போனால் அடியில் இருக்கும் காய் நசுங்கும். காற்றில் ஈரம் அதிகமுள்ள பகுதிகளில் குவியலின் அகலம் 75 முதல் 90 சென்டிமீட்டர் போதும், வறண்ட பகுதிகளில் 120 வரை வைக்கலாம் என்கிறார்கள். அகலம் கூடினால் நடுவில் இருக்கும் காய்க்குக் காற்று எட்டாது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அகலமாகக் கட்டிய பட்டறையில் நடுப்பகுதிதான் முதலில் அழுகும்.

சரி, இத்தனை சந்து இருந்தால் மழை நுழையாதா? நுழையும். அங்கேதான் கூரையின் வேலை.

நேராக விழும் மழையை எந்தக் கூரையும் தடுத்துவிடும். சாரல்தான் எதிரி. காற்றோடு சேர்ந்து 45 டிகிரி சாய்வில் மழை அடிக்கிறது என்றால், இரண்டு அடி நீட்டிய தாழ்வாரம் பக்கவாட்டில் மேலிருந்து இரண்டு அடியைத்தான் காக்கும். அதற்குக் கீழே நனையும். அதனால்தான் தாழ்வாரத்தை நீட்டி விடுவதோடு, பக்கவாட்டில் ஒரு கீற்றுத் தட்டியைச் சாய்த்துத் தொங்கவிடுவது நல்லது. தட்டி பட்டறையோடு ஒட்டக் கூடாது. ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். சாரல் தட்டியில் பட்டு வழிந்துவிடும். காற்று தட்டிக்கு அடியில் புகுந்து மேலேறும்.

தார்ப்பாய்க்கும் இதே விதிதான். வெங்காயத்தின் மேலேயே போர்த்தினால் கெட்டது. நடுவில் ஒரு முகட்டுக் கழி கட்டி, அதன்மேல் கூடாரம் மாதிரி இரண்டு பக்கமும் சரித்து, குவியலுக்கும் பாய்க்கும் நடுவில் கையை நீட்டிப் பார்க்கும் அளவு இடம் விட வேண்டும். வியர்வை கட்டினாலும் அது பாயின் சரிவில் வழிந்து ஓரத்தில் விழும். பருவமழைச் சாரல் பெரும்பாலும் வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து வரும் என்பதால் அந்தப் பக்கத்தை இறக்கி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவைக்கலாம். மழை விட்டதும் சுருட்டிவிட வேண்டும். ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி. பட்டறை வைத்த வீட்டில் ஐப்பசித் தூக்கம் அப்படித்தான்.

தகரக் கூரை போட்டால் இந்தத் தொல்லை தீருமா? பாதி தீரும். தகரம் பகலில் கொதிக்கும், ராத்திரியில் சீக்கிரம் குளிர்ந்து உள்ளே சொட்டும். கீற்றோ ஓடோ அப்படிச் செய்வதில்லை. தகரம் போட்டவர்கள் அதன்மேல் கீற்றைப் பரப்பினால் இரண்டு சிக்கலும் குறையும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதெல்லாம் வீண். ஈரத்தோடு உள்ளே போகும் காயை எந்தப் பட்டறையும் காப்பாற்றாது. அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, பிடுங்கியதை நிழலில் நன்றாக ஆறவிட வேண்டும். தாள் காய்ந்து கழுத்து சுருங்கினால்தான் பூஞ்சைக்கு வாசல் அடைபடும். தாளோடு பட்டறையில் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். திருகல் நோய் வந்த செடியின் காயையும், மண்வெட்டி பட்ட காயையும் கழித்துவிட வேண்டும்.

அரியலூரில் கதை தலைகீழ்

பெரம்பலூரிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அரியலூர். 2007 நவம்பரில் தனி மாவட்டமான இந்த ஊர், சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் பேர்போனது. தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979-லிருந்து இங்கே இயங்குகிறது.

சிமென்ட் மூட்டை வைக்கும் குடோனில் போய் 'ஜன்னலைத் திறந்து காற்று வரவிடுங்கள்' என்று சொன்னால் சிரிப்பார்கள். அங்கே கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்குவார்கள். காற்றில் இருக்கும் ஈரமே சிமென்ட்டைக் கட்டியாக்கப் போதும். மழைக்காலத்தில் மூட்டைகளைத் தார்ப்பாயால் முழுக்கப் போர்த்துவதும் உண்டு.

இரண்டு பொருளுக்கும் ஈரம் ஆகாது. ஒன்றுக்குக் காற்றை அடைக்க வேண்டும், இன்னொன்றுக்குத் திறக்க வேண்டும். காரணம் ஒன்றே ஒன்று. சிமென்ட் மூச்சுவிடாது, ஈரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெங்காயத்துக்கு ஈரம் உள்ளேயே பிறக்கிறது. வீட்டில் எதை மூடிவைப்பது, எதைத் திறந்துவைப்பது என்று குழப்பம் வந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்.

மனிதர்களும் வெங்காயக் கட்சிதான். வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் சிறு வண்டியை இழுத்துக்கொண்டு போய், காட்டில் நிறுத்தி அதற்குள்ளேயே தூங்குகிறார்கள். மழைக்குப் பயந்து எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிட்டுப் படுத்தால் காலையில் கூரையிலிருந்து முகத்தில் தண்ணீர் சொட்டும். ஒரு ஆள் ஒரே இரவில் மூச்சிலும் வியர்வையிலும் கால் லிட்டருக்கும் மேல் நீரை வெளியேற்றுகிறார். நாலு பேர் என்றால் ஒரு லிட்டர். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி: தாழ்வாக ஒரு காற்றுத் துளை, கூரையில் தொப்பி போட்ட ஒரு துளை, மேல்பக்கம் கீல் வைத்து வெளிப்பக்கம் சாய்ந்து திறக்கும் ஜன்னல். சாய்த்துத் தொங்கவிட்ட கீற்றுத் தட்டியின் கண்ணாடி வடிவம் என்று அந்த ஜன்னலைச் சொல்லலாம்.

கிடங்கு கட்டலாமா?

மகாராஷ்டிராவில் வெங்காயச் சேமிப்புக்கு 'காந்தா சால்' என்று ஓடு அல்லது தகரக் கூரையோடு நிரந்தரமாகவே கட்டுகிறார்கள். அடியிலும் பக்கத்திலும் இடைவெளி விட்ட அதே தத்துவம்தான். தமிழ்நாட்டிலும் தோட்டக்கலைத் துறை மூலம் இதற்கு மானியம் உண்டு. 25 டன் கொள்ளளவு கொண்ட குறைந்த செலவு கிடங்குக்கு 1.75 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, அதில் பாதியான 87,500 ரூபாயை மானியமாகத் தருவது தேசிய தோட்டக்கலை இயக்கத்தில் பல ஆண்டுகள் இருந்த கணக்கு. விதிமுறைகள் அவ்வப்போது மாறுவதால், கட்டும் முன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. பணம் பெரும்பாலும் கட்டி முடித்த பிறகுதான் வரும் என்பதால், கையில் முதல் இல்லாத சிறு விவசாயிக்குக் கழியும் கீற்றுமே கதி.

திறந்த பட்டறைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2019 டிசம்பரில், விலை உச்சத்தில் இருந்தபோது, ஆலத்தூர் வட்டம் கூத்தனூரில் ஒரு விவசாயி விதைக்கு வைத்திருந்த சுமார் 350 கிலோ சின்ன வெங்காயத்தைத் திருடர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அரை ஏக்கருக்கும் அதிகமான நடவு ஒரே ராத்திரியில் போனது. காற்று புகும் இடத்தில் கையும் புகும். அதற்குப் பயந்து பட்டறையை வீட்டுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்த முடியாது. சாத்தினால் அழுகல் திருடிக்கொண்டு போகும். விலை ஏறும் வருடங்களில் பட்டறைக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் அடுக்களையில்...

கடையிலிருந்து பாலித்தீன் பையில் வாங்கிவந்த சின்ன வெங்காயத்தை அப்படியே கட்டி மூலையில் வைத்தால் நாலே நாளில் பைக்குள் வியர்த்திருக்கும். அதுவும் ஒரு தார்ப்பாய்தான். மூங்கில் கூடையிலோ, வலைப்பையிலோ, கம்பித் தட்டிலோ கொட்டிப் பரப்புங்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், அடுப்பு ஆவி படாத இடமாக இருக்கட்டும். உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போட வேண்டாம். அதுவும் மூச்சுவிட்டு ஈரம் தரும் ஆள். உரித்த வெங்காயம் மட்டும் ஃபிரிட்ஜுக்குப் போகலாம். வாரம் ஒருமுறை கூடையைக் குலுக்கி, அமுங்கும் காயை எடுத்துவிடுங்கள்.

பட்டறையிலும் கடைசியில் நடப்பது இதுதான். நடவுக்கு முந்தின நாள் ஒரு பக்கத் தட்டியைப் பிரிப்பார்கள். உள்ளே இருந்து சரியும் காயைச் சாக்கில் கொட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து தாளைக் கிள்ளி, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பிரிப்பார்கள். மெத்தென்று இருப்பது ஒரு பக்கம் போகும். கல் மாதிரி இருப்பது கூடையில் விழும். கூடை நிறைந்ததும் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.